யாருடைய போன் இது?

புது வேலையில் சேர்ந்த அன்று கையில் ஒரு போனைக் கொடுக்கிறார்கள். கூடவே கையெழுத்துப் போட ஒரு தாள். அந்தத் தாள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது: இந்தக் கருவி நிறுவனத்தின் சொத்து. அதற்குப் பிறகு வருவதெல்லாம் அந்த ஒரு வரி போட்ட குட்டிகள். சொத்து எங்களுடையது, ஆகவே அது எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அதில் என்னென்ன செயலிகள் இருக்கின்றன என்று பார்ப்போம். தேவைப்பட்டால் இங்கே உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் அழிப்போம். 'சட்டத்துக்கு உட்பட்ட, அறம் சார்ந்த கண்காணிப்பு' என்று மனிதவளத் துறையினர் பயிற்சி வகுப்புகளில் சொல்வதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இவ்வளவுதான்: பொருள் எங்களுடையது, முன்கூட்டியே சொல்லிவிட்டோம், நீங்களும் சம்மதித்துவிட்டீர்கள்.

நம்மில் பலருக்கு இது பழகிய பேச்சு. "நான் வாங்கிக் குடுத்த போன்தானே, பாத்தா என்ன?" என்று கேட்ட அப்பாவையோ அண்ணனையோ கணவனையோ தெரியாத பெண் இந்த ஊரில் குறைவு. வீட்டில் அப்படிக் கேட்பதை நாம் அதிகாரம் என்று அடையாளம் காணக் கற்றுக்கொண்டுவிட்டோம். அதே வாக்கியம் நிறுவனத்தின் முத்திரைத் தாளில் அச்சாகி வரும்போது மட்டும் அதை நியாயம் என்று எடுத்துக்கொள்கிறோம். 'ஆபீஸ் போன்தானே, அவங்க பாக்கத்தான் செய்வாங்க' என்று நாமே நம் தோழிகளுக்குச் சொல்லவும் செய்கிறோம்.

பொருளின் உடைமையாளர் யார் என்பதிலிருந்து தொடங்கும் கண்காணிப்பு விதி, எவ்வளவு நாகரிகமாக எழுதப்பட்டிருந்தாலும், வேலை செய்யும் பெண்ணுக்கு எதிராகத்தான் போய் முடியும் என்பது என் வாதம். பார்க்கிறவர் யார், பார்த்ததை வைத்து அவரால் என்ன செய்ய முடியும், 'வேண்டாம்' என்று சொன்னால் அவள் எதை இழப்பாள் என்பவைதான் முதலில் கேட்க வேண்டியவை. இதை நான் அந்தரத்திலிருந்து சொல்லவில்லை. அலுவலகத் தொலைபேசியில் ஒருவருக்கு அந்தரங்கம் உண்டா என்ற கேள்விக்கு ஐரோப்பாவில் பதில் வாங்கித் தந்த முக்கியமான இரண்டு வழக்குகளைப் போட்டவர்கள் பெண்கள். இரண்டிலும் கண்காணிப்பு எங்கே போய் நின்றது என்று பார்த்தால் போதும்.

முதலாவது, அலிசன் ஹால்ஃபோர்டின் வழக்கு. 1983இல் இங்கிலாந்தின் மெர்சிசைடு காவல்துறையில் துணைத் தலைமை அதிகாரிக்கு அடுத்த நிலைப் பொறுப்புக்கு வந்தவர் அவர். அப்போது பிரிட்டனின் காவல்துறையில் அவரைவிட உயர்ந்த பதவியில் வேறு பெண் இல்லை. அடுத்த ஏழு ஆண்டுகளில் எட்டு முறை பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தார். எட்டு முறையும் கிடைக்கவில்லை. 1990இல், நான் பெண் என்பதால்தான் இது நடக்கிறது என்று தொழில் தீர்ப்பாயத்தில் பாலினப் பாகுபாட்டு வழக்கு தொடுத்தார். அவருடைய அறையில் இரண்டு தொலைபேசிகள் இருந்தன. ஒன்று சொந்த உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. தன் வழக்கு சம்பந்தமான பேச்சுகளை அலுவலகத் தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம் என்ற உறுதிமொழியும் அவருக்கு இருந்தது. அந்தப் பேச்சுகளைத்தான் ஒட்டுக்கேட்டார்கள். அவருக்கு எதிராக வழக்கில் பயன்படுத்தத் தகவல் திரட்டுவதுதான் நோக்கம் என்று அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்.

அங்கே பிரிட்டிஷ் அரசு வைத்த வாதத்தைக் கவனிக்க வேண்டும். ஒட்டுக்கேட்டிருக்க வாய்ப்பே இல்லை என்று அது சாதிக்கவில்லை. அலுவலகத் தொலைபேசி அழைப்புகள் இடைமறிக்கப்பட்டிருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டது. தொலைபேசியைக் கொடுத்தவர் முதலாளி, ஆகவே ஊழியருக்குத் தெரிவிக்காமலேயே அதைக் கண்காணிக்கலாம் என்பதுதான் வாதம். அதே 'நான் வாங்கிக் கொடுத்த போன்'. 1997 ஜூன் 25 அன்று நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அலுவலகத்திலிருந்து பேசினாலும் அது அவருடைய தனிவாழ்க்கைதான் என்றது. இன்னொன்றையும் அந்தத் தீர்ப்பு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அன்றைய பிரிட்டிஷ் ஒட்டுக்கேட்புச் சட்டம் பொதுத் தொலைபேசி வலைப்பின்னலுக்கு மட்டும்தான் பொருந்தும். ஓர் அலுவலகத்தின் உள் இணைப்புகள் அதற்குள் வரவில்லை. ஆகவே நடந்தது உள்நாட்டுச் சட்டப்படி குற்றமாகவில்லை. அவர் போய் முறையிட உள்நாட்டில் கதவும் இல்லை. 'சட்டத்துக்கு உட்பட்டது' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடம் நினைவுக்கு வரும். சட்டம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் விட்டதும் அதே பெயரில்தான் நடமாடுகிறது.

இரண்டாவது வழக்கு வேல்ஸில். ஒரு கல்லூரி முதல்வரின் உதவியாளராக இருந்த பெண். தீர்ப்பு வந்தது 2007 ஏப்ரலில், கோப்லாண்ட் வழக்கு என்பார்கள். துணை முதல்வரின் தூண்டுதலில் அவருடைய தொலைபேசி, மின்னஞ்சல், இணையப் பயன்பாடு மூன்றும் கண்காணிக்கப்பட்டன. கல்லூரிப் பணத்தில் சொந்த வேலை பார்க்கிறாரா என்று சரிபார்த்தோம், அவ்வளவுதான் என்றது நிர்வாகம். ஆனால் வழக்கின் விவரங்களுக்குள் ஒரு சின்னச் சம்பவம் பதிவாகியிருக்கிறது. விடுப்பில் இருந்தபோது அவர் ஓர் ஆண் இயக்குநருடன் கல்லூரியின் இன்னொரு வளாகத்துக்குப் போயிருக்கிறார். பிறகு, துணை முதல்வர் அந்த வளாகத்தைத் தொடர்புகொண்டு அதைப் பற்றி விசாரித்தார் என்று தெரியவருகிறது. அந்த ஆணுக்கும் தனக்கும் தகாத உறவு என்று சாடையாகச் சொல்கிறார் என்றே அவர் அதைப் புரிந்துகொண்டார்.

தொலைபேசிக் கட்டணத்தைச் சரிபார்ப்பதாகச் சொன்ன இடத்தில், 'எவனோடு போனாள்' என்ற கேள்வி எப்படி வந்து உட்கார்ந்தது? இதை வாசிக்கும் எந்தப் பெண்ணுக்கும் அதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

அந்த வழக்கில் நிர்வாகம் தரப்பில் சொல்லப்பட்டதில் ஒன்று இன்றைக்கும் எல்லா நிறுவனங்களும் சொல்வது: பேச்சை நாங்கள் கேட்கவில்லை, எந்த எண், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று மட்டும்தான் பார்த்தோம். நீதிமன்றம் அதையும் தனிவாழ்க்கைக்குள் அடக்கியது சரிதான். ஒரு வாரத்தின் எண்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். மகப்பேறு மருத்துவமனை, ஸ்கேன் மையம், ஒரு வக்கீல், தொழிற்சங்க அலுவலகம், 181 பெண்கள் உதவி எண். இதில் எந்த உரையாடலையும் ஒருவர் கேட்க வேண்டியதில்லை. கர்ப்பமாக இருக்கிறாள், ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டாம் என்று ஒரு மேலாளர் முடிவெடுக்க முதல் இரண்டு எண்களே போதும்.

கைபேசி வந்த பிறகு எண்களோடு இடமும் சேர்ந்துகொண்டது. 2015இல் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில், பணப் பரிமாற்ற நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருந்த பெண் தொடுத்த வழக்கு அமெரிக்கப் பத்திரிகைகளில் அடிபட்டது. நிறுவனம் கொடுத்த போனில் இருப்பிடம் காட்டும் செயலி ஒன்று. அலுவலக நேரத்தில் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை, வேலை முடிந்த பிறகும் வார இறுதியிலும் ஏன் என்பது அவர் கேள்வி. நீ எந்த வேகத்தில் கார் ஓட்டினாய் என்றுகூட எனக்குத் தெரியும் என்று மேலாளர் பெருமையடித்ததாக மனுவில் சொன்னார். செயலியை நீக்கினார். வேலை போனது. கைதிகளின் காலில் மாட்டும் கருவியோடு அதை அவர் ஒப்பிட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்ததால் நீதிமன்றத்தின் தீர்ப்பு என்று ஒன்று நமக்குக் கிடைக்கவில்லை. வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். அந்த மேலாளர் பெருமையடித்த இடம்தான் எனக்கு முக்கியம். அந்தத் தகவலால் விற்பனை ஒரு டாலர் கூடியிருக்காது. 'உன்னை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்' என்று ஒரு பெண்ணிடம் சொல்லிக்காட்டும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. தெருவில் ஒருவன் பின்தொடர்ந்து வந்து இதைச் சொன்னால் அதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 2013 முதல் ஒரு பிரிவு உண்டு, இப்போதைய நியாய சன்ஹிதாவிலும் உண்டு. நிறுவனக் கணக்கில் உள்நுழைந்து பார்த்தால் அது நிர்வாகம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே கதை ஐ.டி. அலுவலகத்தில் தொடங்கவில்லை, ஹரியானாவின் கிராமங்களில் தொடங்குகிறது.

ஆஷா பணியாளர்கள் 2005 முதல் இருக்கிறார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ பத்து லட்சம் பெண்கள். (தமிழ்நாட்டில் மலைப்பகுதிகளைத் தவிர இந்தப் பெயர் அதிகம் பழக்கமில்லை. இங்கே கிராமச் செவிலியர்கள் அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்கிறார்கள்.) கர்ப்பிணிகளைப் பதிவுசெய்வது, பிரசவத்துக்கு அழைத்துப் போவது, தடுப்பூசி, கருத்தடை, காசநோய் மாத்திரை என்று எல்லாம் அவர்கள் தலையில். சட்டத்தின் கண்ணில் இவர்கள் தொழிலாளர்கள் அல்ல, தன்னார்வலர்கள். மாதச் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகைதான். குறைந்தபட்ச ஊதியம் கேட்டுப் போனால் 'நீங்கள் ஊழியர் இல்லையே' என்பது பதில். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இவர்களுக்கு விருது கொடுத்தது. விருதுக்குப் பிறகும் அவர்கள் தன்னார்வலர்களே.

2021இல் ஹரியானா அரசு தான் கொடுத்த ஸ்மார்ட் போன்களில் எம்டிஎம் 360 ஷீல்டு என்ற செயலியை ஏற்றிக்கொள்ளச் சொன்னது. எம்டிஎம் என்றால் கைபேசிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள். பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களின் கருவிகளுக்குப் பயன்படுத்துவது. நாங்கள் எங்கே போகிறோம் என்று பார்க்கலாம், போனில் இருப்பதை எங்களைக் கேட்காமல் அழிக்கலாம், புதிதாக எதையாவது ஏற்றலாம் என்று அந்தப் பெண்கள் எதிர்த்தார்கள். ஏற்ற மறுத்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். ஊதியம் என்று வரும்போது தன்னார்வலர். கண்காணிப்பு என்று வரும்போது மட்டும் நிறுவன ஊழியர். இந்த இரட்டை வேடத்தை அவர்கள் உடனே பிடித்துவிட்டார்கள்.

'திருட்டு வேலை செய்யாதவளுக்கு என்ன பயம்' என்று கேட்பவர்கள் ஆஷாவின் வேலை என்னவென்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு சின்ன ஊரில் அவள் ஒரே வீட்டுக்கு ஒரு வாரத்தில் மூன்று முறை போனால் அது அவளைப் பற்றிய தகவல் மட்டும் அல்ல. அந்த வீட்டில் ஒரு பெண் கருக்கலைப்பு பற்றிக் கேட்டிருக்கலாம். கணவனுக்குத் தெரியாமல் காப்பர் டி போட்டுக்கொள்ள விரும்பியிருக்கலாம். ஆஷாவின் போனில் இருக்கும் வழித்தடம் என்பது ஊர்ப் பெண்களின் உடல்களைப் பற்றிய வரைபடம். அந்த மாநிலத்தில் பெண் எதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்த அச்சம் மிகையாகத் தோன்றாது. அதோடு, 2021 பள்ளிகள் மூடியிருந்த ஆண்டு. வீட்டில் ஒரு ஸ்மார்ட் போன் இருந்தால் பிள்ளைகளின் பாடமும் அதில்தான். அரசு போன், சொந்தப் போன் என்ற கோடு இரண்டு போன் வாங்க முடிந்தவர்களுக்குத்தான் தெளிவாகத் தெரியும்.

அதே ஆண்டு மகாராஷ்டிராவில் அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசு கொடுத்த போன்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். போஷன் டிராக்கர் என்ற செயலி ஆங்கிலத்தில் இருந்தது, போனுக்கு அதைத் தாங்கும் திறனும் இல்லை. அங்கே சிக்கல் வேறு வகையானது என்றாலும் 'எங்கள் பொருள், எங்கள் விதி' என்றவர்களிடம் பொருளையே திருப்பி நீட்டிய காட்சி எனக்குப் பிடித்தமானது.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். பெண்ணியவாதிகள் அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் வரவேற்றோம். அந்தரங்கம் என்ற சொல்லை வைத்துத்தான் காலங்காலமாக 'வீட்டு விஷயத்தில் தலையிடாதே' என்று அடிக்கும் கையைக் காப்பாற்றி வந்தார்கள். நீதிபதி சந்திரசூட் எழுதிய பகுதி இந்த விமர்சனத்தைக் குறிப்பிட்டு, ஆணாதிக்க மனப்பான்மையை மறைக்கும் திரையாக அந்தரங்கத்தைப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. நல்லது. ஆனால் அலுவலகத்தில் நிலைமை தலைகீழ். இங்கே கதவைச் சாத்திக்கொள்வது மேலே இருப்பவர். எந்தத் தகவலை எடுத்தோம், யார் பார்த்தோம், எவ்வளவு நாள் வைத்திருப்போம் என்பது அவருடைய அந்தரங்கம். அவளிடம் ஒளிக்க எதுவும் மிச்சமில்லை.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைச் சரிசெய்யும் என்று எதிர்பார்த்தோம். அந்தச் சட்டத்தின் ஆங்கில மூலம் தனிநபரைக் குறிக்க எல்லா இடத்திலும் 'அவள்' என்றே சொல்கிறது. பாலினம் எதுவானாலும் அந்தச் சொல்லே பொருந்தும் என்று வரையறையும் உண்டு. நாடாளுமன்றத்தில் இது பெருமையாகச் சொல்லப்பட்டது. மாணவிகள் பலர் என்னிடம் மகிழ்ச்சியோடு காட்டியிருக்கிறார்கள். அப்படியே பக்கத்தைத் திருப்பி ஏழாவது பிரிவுக்கு வாருங்கள் என்பேன். சம்மதம் கேட்காமலே ஒருவரின் தரவைப் பயன்படுத்தக்கூடிய காரணங்களின் பட்டியல் அது. அதில் (i) உட்பிரிவு: வேலைவாய்ப்பு சார்ந்த காரணங்களுக்காக, அல்லது முதலாளியை இழப்பிலிருந்தும் பொறுப்பிலிருந்தும் காப்பதற்காக. வணிக ரகசியம், நிறுவன உளவு போன்றவை எடுத்துக்காட்டுகள் மட்டுமே. 'வேலைவாய்ப்பு சார்ந்த' என்பதற்கு எல்லை எங்கே?

இதோடு நிற்கவில்லை. என்ன தரவை எதற்காக எடுக்கிறோம் என்று அறிவிக்கும் கடமையை ஐந்தாவது பிரிவு சம்மதக் கோரிக்கையோடு கட்டியிருக்கிறது. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமையைப் பதினோராவது பிரிவு சம்மதம் கொடுத்தவருக்குத்தான் தருகிறது. சம்மதமே தேவையில்லை என்று ஆனபின் அறிவிப்பும் தேவையில்லை, கேட்கும் உரிமையும் இல்லை. 'அவள்' என்று அழைத்த சட்டம், அவள் வேலைக்குப் போனவுடன் அவளை முதலாளியிடம் ஒப்படைத்துவிடுகிறது. ஐரோப்பாவில் இதை எதிர்த்திசையிலிருந்து யோசித்தார்கள். தரவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் குழு 2017இல் சொன்ன கருத்து, மறுத்தால் பாதிப்பு வரும் என்ற நிலையில் ஊழியர் கொடுக்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று கொள்ள முடியாது என்பது. ஆகவே முதலாளிதான் தேவையை நிரூபிக்க வேண்டும். ஊழியரின் சம்மதம் செல்லாது என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே அதனால் முதலாளியின் பாரம் கூடியது, இங்கே இருந்த பாரமும் இறங்கிவிட்டது.

'பெண்களின் பாதுகாப்புக்காகத்தானே' என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. 2005 டிசம்பரில் பெங்களூரில் இரவுப் பணிக்குக் கிளம்பிய கால் சென்டர் ஊழியர் ஒருவர், அவரை ஏற்றிப்போக வந்த கார் ஓட்டுநரால் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். இரவில் வேலைக்குப் போகும் பெண்ணின் வண்டி எங்கே இருக்கிறது என்று நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் வண்டியைக் கண்காணிக்க வண்டியில் கருவி வைக்கலாம், ஓட்டுநரின் பின்னணியைச் சரிபார்க்கலாம். அதற்குப் பெண்ணின் போனில், அவள் வீட்டுக்குள் போய்த் தூங்கிய பிறகும் ஓடும் செயலி எதற்கு? ஆபத்து வேறொருவரிடமிருந்து வருகிறது, கண் மட்டும் அவள்மேல். விடுதி வாசலில் பதிவேடு வைத்தவர்களும் இதே பாதுகாப்பைத்தான் சொன்னார்கள்.

நடைமுறைக்குப் பயன்படக்கூடிய சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஆண்ட்ராய்டு போனில் அலுவலக மின்னஞ்சலை ஏற்றும்போது 'ஒர்க் புரொஃபைல்' என்று தனிப் பகுதி உருவானால், அந்தச் செயலிகளின் மேல் சின்னதாக ஒரு கைப்பெட்டிப் படம் இருக்கும். நிறுவனத்தின் பார்வை அந்தப் பகுதியோடு நிற்கும், உங்கள் புகைப்படங்களுக்கு வராது. நிறுவனமே கொடுத்து முழுவதும் நிர்வகிக்கும் போன் அப்படியில்லை. அதில் இருக்கும் செயலிகளின் பட்டியல் முழுவதும் அவர்களுக்குத் தெரியும். முழுப் போனையும் அழிக்கவும் முடியும், குழந்தையின் படங்கள் உட்பட. ஐபோனாக இருந்தால் செட்டிங்ஸ் பக்கத்தின் மேலேயே இது கண்காணிப்புக்கு உட்பட்டது என்ற வரி தெரியும். எம்டிஎம் மென்பொருள் தானாக வாட்ஸ்அப் செய்திகளை வாசிப்பதில்லை. ஆனால் அலுவலக மடிக்கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்தால், திரையைப் படம் பிடிக்கும் மென்பொருள் அதில் இருந்தால் அது பிடிக்கும்.

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் இருக்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். புகார் கொடுத்தவரின் அடையாளத்தையும் புகாரின் உள்ளடக்கத்தையும் வெளியிடக்கூடாது என்கிறது பதினாறாவது பிரிவு. அந்த மூன்று மாதத்தில் ஒரு பெண் என்ன செய்வாள்? தோழியிடம் புலம்புவாள். சாட்சி சொல்ல வருவாயா என்று ஒருத்தியைக் கேட்பாள். வக்கீலுக்குப் போன் போடுவாள். புகாரை நான்கு முறை எழுதி அழிப்பாள். பகல் முழுவதும் கையில் இருப்பது நிறுவனம் கொடுத்த போன். குற்றம் சாட்டப்படப் போகிறவர் மேலாளர் என்றால், அந்தப் போனின் அறிக்கை யார் மேசைக்குப் போகிறது?

ஹால்ஃபோர்டுக்கு நடந்தது இதுதான். பாகுபாட்டை எதிர்த்து வழக்குப் போட்ட பெண்ணின் வழக்குப் பேச்சையே, வழக்குப் போடப்பட்ட தரப்பு கேட்டது. நம்முடைய பதினாறாவது பிரிவு வெளியிடுவதைத் தடுக்கிறது. புகார் புகாராவதற்கு முன்பே முதலாளி அதை வாசித்துவிடுவதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. 2013இல் அதை எழுதியவர்கள் இதை யோசித்திருக்க வாய்ப்பில்லை என்று விட்டுவிடலாம். 2023இல் தரவுச் சட்டம் எழுதியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

உள்ளகக் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்காரும் பெண்கள் இந்த நூலின் வாசகர்களில் சிலர் இருப்பார்கள். அடுத்த கூட்டத்தில் நிர்வாகத்திடம் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டியவை எனக்குத் தோன்றியவரை இவை. ஊழியர்களின் போன்களில் என்ன மென்பொருள் இருக்கிறது? அதன் அறிக்கையைத் திறக்கும் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது? புகார் வந்த நாளிலிருந்து, புகார் கொடுத்தவரின் பதிவுகளை யாராவது திறந்து பார்த்தார்களா? கடைசிக் கேள்விக்கு வாய்மொழிப் பதில் போதாது. யார் எப்போது உள்நுழைந்தார்கள் என்று அந்த மென்பொருள் தானே வைத்திருக்கும் பட்டியலைக் கேளுங்கள். குழுவின் மின்னஞ்சல் முகவரியும் தொலைபேசி எண்ணும் நிறுவனத்தின் கணக்குக்குள் இருந்தால் அதை முதலில் வெளியே எடுங்கள். அப்படிச் செய்யக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.